திமிங்கிலத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன பகை?

பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. அழைப்பிதழில் உருவக்கேலி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சினிமா நகைச்சுவையைப் பற்றியோ முகப்பூச்சு விளம்பரத்தைப் பற்றியோ பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. சரக்கு விற்கிறவன் நம் உடம்பில் குறை கண்டுபிடிப்பான், அது அவன் பிழைப்பு, அவனைத் திட்ட நமக்கு நன்றாகவே தெரியும். நான் பேச வந்தது நல்லவர்களைப் பற்றி. விலங்குகளைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறவர்கள், குழந்தைகளுக்கு மருத்துவமனை நடத்துகிறவர்கள். இவர்கள் போடும் விளம்பரங்களிலும் உருவக்கேலி வருகிறது, ஆனால் இவர்களைத் திட்ட நமக்கு நாக்கு எழுவதில்லை.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஜாக்சன்வில் என்ற ஊரில், பீட்டா அமைப்பு ஒரு விளம்பரப் பலகை வைத்தது. நீச்சலுடையில் ஒரு பருமனான பெண் உருவம், கூடவே, திமிங்கிலங்களைக் காப்பாற்றுங்கள், கொழுப்பைக் குறையுங்கள், சைவத்துக்கு மாறுங்கள் என்று வாசகம். கொழுப்புக்கு அவர்கள் போட்ட ஆங்கிலச் சொல் பிளப்பர். திமிங்கிலத்தின் தோலுக்கடியில் கெட்டியாகப் படிந்திருக்குமே, அந்தக் கொழுப்பின் பெயர். அந்தப் பெண்ணைத் திமிங்கிலம் என்று சொல்லாமலே சொல்லியாயிற்று. எழுதியவர் அன்றைக்கு ராத்திரி தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே தூங்கியிருப்பார்! எதிர்ப்பு கிளம்பியதும் பலகையை மாற்றினார்கள். புதுப் பலகையில் என்ன இருந்தது தெரியுமா? "போய்விட்டது, சைவத்துக்கு மாறியவர்களின் எடையைப் போலவே." மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஜோக்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வைத்தது ஒரு ஊரில் ஒரு பலகை, ஆனால் கோபப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் இத்தனை வருடம் கழித்து, ஒரு பைசா வாங்காமல், அதே வேலையைத்தான் இந்த மேடையில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். மாங்காய் விழுந்ததோ இல்லையோ, கல் போய் விழுந்தது அந்த வழியாகப் போன யாரோ ஒரு பெண்ணின் தலையில்.

இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, இது யாரோடு பேசுகிறது என்பதுதான். பருமனான பெண்ணைப் பார்த்து, அம்மா, நீங்கள் சைவத்துக்கு மாறுங்கள் என்று கேட்கிற மாதிரி தோன்றும். உண்மையில் அது அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே, மெலிந்தவர்களோடு பேசுகிறது. பார், இவளைப் போல ஆகிவிடாதே என்கிறது. அவள் அங்கே வெறும் படம், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானும் இதைச் செய்திருக்கிறேன், ஒளிக்க வேண்டியதில்லை. பல வருடங்களுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு நடைப்பயண நிகழ்ச்சிக்கு நான்தான் போஸ்டர் வாசகம் எழுதினேன். தொப்பைக்காரர் ஒருவரின் கேலிச்சித்திரம், அடியில் என் சிலேடை. எல்லோரும் சிரித்தார்கள், நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். அந்த போஸ்டரைச் சுவர் சுவராக ஒட்டிய தொண்டர்களில் ஒருவர் நல்ல பருமன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாளியையும் பசையையும் எடுத்துக்கொண்டு போய் அத்தனையையும் ஒட்டி முடித்தார். அடுத்த வருடம் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

பெரியவர்கள் சங்கதியாவது போகட்டும். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவின் குழந்தைகள் மருத்துவமனை அமைப்பு 2011, 2012 வாக்கில் ஒரு பிரசாரம் நடத்தியது. கறுப்பு வெள்ளைப் படங்கள், சிரிக்காத முகத்தோடு பருமனான குழந்தைகள், எச்சரிக்கை என்று ஒரு சொல், அதன் கீழே, "சிறிதாக இல்லாவிட்டால் சிறுமியாக இருப்பது கஷ்டம்." ஒரு காணொளியில் ஒரு பையன் தன் அம்மாவிடம், நான் ஏன் குண்டாக இருக்கிறேன் என்று கேட்கிறான். அவர்கள் சொன்ன நியாயம், பெற்றோர்கள் கண்டுகொள்வதே இல்லை, உலுக்கினால்தான் விழிப்பார்கள் என்பது. சரி, பெற்றோரை உலுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பலகையைத் தெருவில் வைத்தால் குழந்தையும்தானே படிக்கும்? தினமும் பள்ளிக்கூட வண்டியில் அந்தப் பலகையைத் தாண்டிப்போகிற ஒரு எட்டு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பக்கத்து இருக்கைப் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைக்கிற சிரமத்தைக்கூட மருத்துவமனையே மிச்சம் பண்ணிக் கொடுத்துவிட்டது. கடைசியில் பருமனானவர்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, அதே ஊரில் எதிர்ப் பலகை வைத்தார்கள்.

கேலி செய்தாலாவது திருந்துகிறார்களா என்று பார்த்தால், அதுவும் இல்லை. 2013-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 6,000-க்கும் மேற்பட்டவர்களை நான்கு வருட இடைவெளியில் பார்த்தார்கள். தொடக்கத்தில் உடல்பருமன் இல்லாதவர்களில், எடைக்காகத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்கள் பிறகு உடல்பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. அடுத்த வருடம் இன்னோர் ஆய்வு. பருமனானவர்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்று ஒரு செய்திக் கட்டுரையைப் பெண்களுக்குப் படிக்கக் கொடுத்து, பக்கத்தில் தின்பண்டத்தை வைத்தார்கள். தாங்கள் பருமன் என்று நினைத்துக்கொண்டிருந்த பெண்கள், வேறு கட்டுரை படித்த அதேபோன்ற பெண்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். இதில் அதிசயம் என்ன இருக்கிறது? அவமானப்பட்ட மனது ஆறுதலைத் தேடும், கைக்கெட்டுவதில் தேடும். குண்டாக இருந்தால் சிரிப்பார்கள் என்று பயந்தவர் ஓடப்போவாரா, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவாரா? மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுவார்.

ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். சிகரெட் அட்டையில் அழுகின நுரையீரல் படம் போடலாம் என்றால் இதை மட்டும் ஏன் போடக்கூடாது என்று கேட்கிறார். நல்ல கேள்வி, இதே யோசனை பிரிட்டனில் பெரிய ஆட்களுக்கே வந்திருக்கிறது. கேன்சர் ரிசர்ச் யூகே அமைப்பு 2018-ல், புகைக்கு அடுத்தபடியாகத் தடுக்கக்கூடிய பெரிய புற்றுநோய்க் காரணம் எது என்று கேட்டு, உடல்பருமன் என்ற சொல்லில் சில எழுத்துகளை விட்டுவிட்டுப் பலகை வைத்தது. 2019-ல் சிகரெட் பெட்டி மாதிரியே வடிவமைத்து, உடல்பருமனும் புற்றுநோய்க்குக் காரணம் என்று அச்சடித்தார்கள். சொன்ன தகவல் உண்மை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தம்பி, சிகரெட் ஒரு பொருள். அணைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஆளாக நடந்து போகலாம். அந்த அட்டை பொருளைத்தான் அருவருக்கச் சொல்கிறது, புகைக்கிறவன் முகத்தை அல்ல. உடம்பை எங்கே கழற்றி வைப்பது? அதில் பரம்பரை இருக்கிறது, சாப்பிடுகிற மருந்து இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, வருமானம் இருக்கிறது. பாதி அவர் கையிலேயே இல்லை.

பயமுறுத்தியே ஆகவேண்டும் என்ற வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2012-ல் போட்ட ஒரு விளம்பரம் போதும். பெரிய கோப்பைகளில் குளிர்பானம் குடித்தால் நீரிழிவு வரும், காலை எடுக்க வேண்டிவரும் என்பது செய்தி. படத்தில் ஒரு காலை இழந்த பருமனான மனிதர். விசாரித்தால், அவருக்கு இரண்டு கால்களும் பத்திரமாக இருக்கின்றன! விலைக்கு வாங்கிய புகைப்படத்தில் ஒரு காலைக் கணினியில் வெட்டியிருக்கிறார்கள். பருமனான உடம்பு என்றால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்கிற நினைப்பு அது.

அப்படியானால் எப்படித்தான் சொல்வது என்பது அதே சீட்டின் பின்பக்கக் கேள்வி. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஓர் ஆய்வு மையம், பல நாடுகளின் பிரசார வாசகங்களைச் சுமார் 1,000 பேரிடம் காட்டி, எது உங்களைச் செய்யத் தூண்டுகிறது என்று கேட்டது. மேலே வந்தவை காய்கறி பழம் சாப்பிடச் சொன்ன சாதாரண வாசகங்கள், அவற்றில் உடல்பருமன் என்ற சொல்லே கிடையாது. பிரிட்டனிலேயே, 2009 ஜனவரியில் தொடங்கிய சேஞ்ச்ஃபோர்லைஃப் பிரசாரம் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டது. உடம்புக்குள் கொழுப்பு சேருகிற ஆபத்தை மறைக்கவில்லை, அதையும் சொன்னார்கள். நன்றாகச் சாப்பிடு, நிறைய நட, நீண்ட நாள் வாழ் என்றார்கள். அதை எங்கேயாவது தேடி ஒருமுறை பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் களிமண்ணில் பிடித்த மாதிரி வண்ண வண்ணப் பொம்மைகள். அதில் இது பக்கத்து வீட்டுக்காரர், இது என் அக்கா என்று யாரும் யாரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது.