ஹம்பி விழுந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

விஜயநகரப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஹம்பிக்குப் போய் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவ்வளவு பெரிய ஊர் எப்படி அழிந்தது? பதில் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. 1565 ஜனவரி, தலைக்கோட்டைப் போர். தக்காணத்துச் சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். விஜயநகரத்தின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயர் கொல்லப்பட்டார். தம்பி திருமலைராயர் கருவூலத்தை எடுத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட, காவலில்லாத விஜயநகரம் சூறையாடப்பட்டது. எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது, அந்த அரசு அதன் பிறகு எங்கே போய்க் குடியேறியது என்பதுதான்.

ஹம்பியில் மகாநவமி மேடை என்று ஒன்று இருக்கிறது. அடுக்கடுக்கான கல் மேடை. பக்கச் சுவர் முழுக்க வரிசையாக யானை, குதிரை, வேட்டைக்காரர்கள், ஆடும் பெண்கள். மேலே நின்ற மண்டபம் இன்று இல்லை. 1520 வாக்கில் போர்த்துக்கீசியரான டொமிங்கோ பயஸ் அங்கே நவராத்திரியை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மல்யுத்தம், வாணவேடிக்கை, எல்லாம் உண்டு. அந்தப்புரப் பெண்கள் சிலர் போட்டிருந்த நகையின் பாரம் தாங்காமல், பக்கத்தில் வந்தவர்கள் கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்ததாம்!

இந்த விழா மேடையோடு போய்விடவில்லை. 1610-இல் மைசூர் அரசர் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். பிடித்த கையோடு அங்கே தசராவைத் தொடங்கினார். விஜயநகர அரசரான ராயரின் ஆளை அனுப்பிவிட்டு ராயரின் விழாவை வைத்துக்கொண்டார், பாருங்கள். அதுதான் இன்றைய மைசூர் தசரா.

தமிழ்நாட்டில் இந்த வேர் இன்னும் ஆழம். காரணம் நாயக்கர்கள். படை வைத்துக்கொள்வதற்காக ராயர்கள் இவர்களுக்கு நிலத்தையும் வரி வசூலையும் கொடுத்திருந்தார்கள். மேலே பிடி தளர்ந்ததும் மதுரை, தஞ்சாவூர், செஞ்சி மூன்றும் மெல்லத் தனி அரசுகளாயின. ஆனால் அரசன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கண்முன் இருந்த மாதிரி விஜயநகரம்தான். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் சின்னதாக ஒரு விஜயநகரம் கட்டப் பார்த்தார்கள். திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். ஒரு பேரரசு முடியும்போது வேலையை இப்படிக் கைமாற்றிவிட்டுப் போவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஓங்கிய கோபுரமும் யாளித் தூணும் இல்லாமல் ஒரு பெரிய கோயிலை நினைத்துப் பார்க்க நம்மால் முடிகிறதா? சோழர் காலத்தில் உயர்ந்து நின்றது பெரும்பாலும் கருவறை விமானம். வாசல் கோபுரத்தை வானத்துக்கு ஏற்றியதில் ராயர்களுக்கும் நாயக்கர்களுக்கும்தான் பெரும்பங்கு.

அப்புறம் சங்கீதம். பாட்டு வகுப்பில் சேரும் குழந்தை முதலில் பாடுவது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. அந்தப் பாடமுறையை வகுத்தவராகச் சொல்லப்படும் புரந்தரதாசர், தலைக்கோட்டைக்கு முந்தின வருடம், 1564-இல் மறைந்தார். துங்கபத்திரைக் கரையில் அவர் பெயரில் இருக்கும் மண்டபம் ஆறு பெருகினால் முங்கிவிடும். பாட்டு மட்டும் தெற்கே வந்துவிட்டது. தஞ்சை நாயக்கர் அவையில் தெலுங்குதான் கவிதைக்கும் நாட்டியத்துக்கும் மொழி. அதற்குப் பின் வந்த மராட்டிய மன்னர்களும் தெலுங்கைக் கைவிடவில்லை. தியாகராஜர் காவிரிக் கரையில் உட்கார்ந்து தெலுங்கில் பாடியதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடும் பாகவத மேளா இன்றும் தெலுங்கில்தான் நடக்கிறது. தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என்று 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்ததே, அந்தக் குறை நியாயமானது என்பதுதான் என் எண்ணம். பெரிய அரசு விட்டுப்போகும் சொத்தில் இப்படிப்பட்ட பாக்கியும் சேர்ந்தே வரும்.

கடைசியாகக் காசு. ராயர்களின் தங்க நாணயம் வராகன். சென்னைக்கு வந்து கோட்டை கட்டிய ஆங்கிலக் கம்பெனிக்கும், இங்கே வியாபாரம் செய்ய வராகன்தான் தேவைப்பட்டது. ஜனங்கள் நம்பி வாங்கிய காசு அது. ஆகவே கம்பெனியும் பெருமாள் உருவம் போட்டு வராகன் அடித்தது. சென்னை ராஜதானியில் ரூபாய் அதன் இடத்தைப் பிடித்தது 1818-இல். விஜயநகரம் விழுந்து அப்போது 250 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நன்றி, வணக்கம்.