மனிதராகவா, மசாலாவாகவா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். ஆறு நிமிஷத்துக்கு இவ்வளவு வணக்கம் போதும்.

மனநோயையும், திருநர், தன்பால் காதலர்னு பால்புதுமையினரையும் வீடியோ கேம் காட்டுறது மனிதராகவா, மசாலாவாகவா? நான் ‘மனிதராக’ அணி. பாயிண்ட் எல்லாம் எழுதிக்கிட்டுத்தான் வந்தேன். எனக்கு முன்னாடி பேசின அண்ணன் அதைச் சட்டைப்பையிலயே இருக்க வெச்சுட்டார்.

என்ன சொன்னார்? “விடிய விடிய கேம் ஆடுறவனே பாதி மெண்டல். அவனுக்கு மனநோயைப் பத்திப் பாடம் எடுக்குதாம் கேம்!” சரியான கைதட்டல். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

அண்ணே, 2019-ல உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸார்டர்’னு ஒரு நோயை ஏத்துக்கிட்டது உண்மைதான். ஆனா கூடவே என்ன சொல்லியிருக்கு? ஆட்டத்தை நிறுத்த முடியலை, மத்த வேலையெல்லாம் பின்னாடி போயிடுச்சு, கெடுதல்னு தெரிஞ்சும் விட முடியலை. இதெல்லாம் வழக்கமா 12 மாசம் நீடிச்சிருந்தாத்தான் அந்தப் பேரையே வைக்கலாம். உலகத்து டாக்டர்களுக்கு 12 மாசம் வேணும். எங்க அண்ணனுக்கு மூணு நிமிஷம்! ஸ்டெதாஸ்கோப்கூட இல்லாம மைக்கை வெச்சே பார்த்துட்டார்!

அவர் பேசும்போது முன்வரிசையில ரெண்டு பேர் போன்ல மிட்டாய் உடைச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்களையும் சேர்த்துத்தான் சொன்னாரா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே, அதுல ஒருத்தர் உங்க அணி!

மனநோய்னா ஒண்ணு சிரி, இல்லேன்னா பயப்படு. பழைய மசாலா அதுதானே? 2013-ல வந்த ‘அவுட்லாஸ்ட்’ கேம்ல மனநலக் காப்பகத்துக்குள்ள போனா உள்ளே இருக்கிறவங்க துரத்தித் துரத்தி வெட்ட வர்றாங்க. மட்டமான வேலை, ஒத்துக்கிறேன். ஆனா அதைக் கண்டிக்க மேடை ஏறின அண்ணன் அதே நோயை வெச்சு சபையைச் சிரிக்க வெச்சுட்டு இறங்குறார். இப்போ மசாலா அரைச்சது கேமா, அண்ணனா?

2017-ல ‘ஹெல்பிளேட்’னு ஒரு கேம். செனுவாங்கிற பெண்ணுக்குக் காதுல குரல்கள் கேட்கும். அதைச் செஞ்சவங்க கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சர்கிட்டயும், அப்படிக் குரல் கேட்கிற மனுஷங்ககிட்டயும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் செஞ்சாங்க. ஹெட்போனை மாட்டினா ஒரு குரல் ‘பின்னாடி பார்’னு காப்பாத்தும், இன்னொண்ணு ‘உன்னால முடியாது’ன்னு கொல்லும். அண்ணன் ஒருதடவை மாட்டிப் பார்க்கணும்.

அடுத்தது, “எல்ஜிபிடிக்யூ பாத்திரமெல்லாம் வியாபாரத்துக்காகத் திணிச்சது”ன்னார். திணிச்சதா? ஒரு கல்யாணக் கதை சொல்றேன்.

திரையில பொம்மை மனுஷங்களை வெச்சுக் குடும்பம் நடத்துற ‘தி சிம்ஸ்’ கேமைச் செய்யும்போது, தன்பால் காதல் வேண்டாம், வம்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. பேட்ரிக் பாரெட்னு புதுசாச் சேர்ந்த புரோகிராமர் கையில, அந்த முடிவுக்கு முந்தின பழைய திட்டக் காகிதம் போயிடுச்சு. புது ஆள் இல்லையா? காகிதத்துல இருந்ததை அப்படியே எழுதிட்டார். யாரும் தடுக்கலை.

1999, இ3ங்கிற வீடியோ கேம் கண்காட்சி. பத்திரிகைக்காரங்க முன்னாடி திரையில ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பொண்ணு என்ன செய்யணும்னு எழுதியாச்சு. விருந்தாளிங்களுக்கு எழுத நேரமில்லை, அவங்க பாட்டுக்கு நடந்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. கல்யாணத்துல எல்லாரும் யாரைப் பார்ப்போம்? மாப்பிள்ளை பொண்ணை. அன்னிக்கு ஒருத்தர்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க! விருந்துக்கு வந்த ரெண்டு பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க, பக்கத்துல வந்தாங்க, முத்தம் கொடுத்துக்கிட்டாங்க! வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க முகத்தை நினைச்சுப் பாருங்க!

நடுவர் சிரிக்கிறார், அதனால இன்னொரு தடவை. முதலாளி சொன்னாரா? இல்லை. விளம்பரக்காரன் எழுதினானா? இல்லை. மாப்பிள்ளை வீடு கேட்டுச்சா? இல்லை! ரெண்டு பொம்மை தானா முடிவு பண்ணிச்சு. அந்தக் கண்காட்சி முழுக்க அதுதான் பேச்சு. அண்ணே, ஆளே இல்லாம திணிக்க முடியுமா?

மணி அடிச்சுட்டீங்க. சரி, வாதத்தை இங்கேயே விட்டுடுறேன்.

‘செலஸ்ட்’னு ஒரு கேம், 2018. மேடலின்னு ஒரு பொண்ணு மலை ஏறுறா. நடுவழியில ரோப் கார் நிக்குது. பதற்றத்துல அவளுக்கு மூச்சு முட்டுது, உலகமே இருட்டுது. கூட இருக்கிற தியோ, “ஒரு இறகை நினைச்சுக்கோ, உன் மூச்சால அது மிதக்கட்டும்”ங்கிறான். அந்த இறகை மிதக்க வைக்கிறது யாரு? ஆடுற நாம. அவ மூச்சுக்கு நம்ம விரல் பொறுப்பு.

அந்தக் கேமை உருவாக்கின மேடி தார்சன் 2020-ல எழுதினார்: “மேடலின் ஒரு திருநங்கை. நானும் திருநர்தான். கேமைச் செஞ்சுக்கிட்டிருந்தப்போ ரெண்டுமே எனக்குத் தெரியாது.” எந்த வியாபாரிக்குய்யா இதைத் திணிக்கத் தெரியும்? தனக்கே தெரியாத தன்னை அந்த மலையில ஏத்தி விட்டிருக்கார்!

என் அக்கா மகன் அந்த ரோப் கார் காட்சியை எனக்குப் போட்டுக் காட்டினான். “மாமா, எனக்கு இப்படித்தான் வருது”ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அவங்க அம்மா அழுது கேட்டும் வாயைத் திறக்காத பையன் அவன். அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போனோம். இப்போ நல்லா இருக்கான், இன்னும் ஆடுறான்.

அண்ணே, நீங்க பாதி மெண்டல்னு சொன்னது அவனை. கோபமில்லை, உங்களுக்குத் தெரியாது. என் பேச்சைக் கேட்க இன்னிக்கு வர்றேன்னான். நான்தான் பரீட்சை இருக்குன்னு வீட்டுல விட்டுட்டு வந்தேன்.

தீர்ப்பு உங்க இஷ்டம், நடுவர் அவர்களே. வணக்கம்.