ஆகாபுக்குப் போனது கால் மட்டும்தானா?

வணக்கம். ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது, போட்டால் மைக்கில் காற்று அடிக்கிறது, அதனால் பாதி வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஹெர்மன் மெல்வில் எழுதிய மோபி டிக். இரண்டு முறை இந்த நாவலைப் பாதியில் மூடி வைத்தவன் நான். இரண்டு முறையும் திமிங்கிலங்களை வகை பிரித்துப் பட்டியல் போடுகிற அந்த 32-ஆவது அத்தியாயத்தில்தான் கவிழ்ந்தேன். மூன்றாவது முறை வெட்கமே இல்லாமல் அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன், அப்புறம் கீழே வைக்க முடியவில்லை. நீங்களும் குதிக்கலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆகாப் என்று ஒரு கேப்டன், அவன் காலைக் கடித்துக்கொண்டு போன ஒரு வெள்ளைத் திமிங்கிலம், அதைப் பழிவாங்கப் போய்க் கப்பலோடு மூழ்குகிறான். பழிவெறி ஆளை அழிக்கும் என்று பரீட்சையில் எழுதினால் ஐந்து மார்க் வாங்கிவிடலாம். ஆனால் இந்த முறை படிக்கும்போது எனக்கு உறுத்தியது வேறு. இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்ததற்கான அடையாளம் பலர் கண்ணிலும் பட்டிருக்கிறது. பட்டும் ஏன் கப்பலைக் கையில் கொடுத்தார்கள்?

41-ஆவது அத்தியாயத்தில் வருகிறது. கால் போன பிறகு ஊர் திரும்புகிற வழியில் ஆகாப் வெறிபிடித்துக் கத்துகிறான், கையையும் காலையும் அசைக்க முடியாதபடி சட்டையில் இறுக்கிக் கட்டித் தொங்கு படுக்கையில் போட்டு வைக்கிறார்கள். கப்பல் கொஞ்சம் அமைதியான கடலுக்கு வந்ததும் ஆள் தெளிந்துவிட்டான் என்று எல்லோருக்கும் நிம்மதி. தெளியவில்லை, மறைக்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். சரி, முகம் கறுத்துப்போய் நடமாடுகிற இந்த ஆளைப் பார்த்து, திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கிளம்புகிற அமெரிக்கத் துறைமுகமான நான்டக்கெட் ஊர்க்காரர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இவ்வளவு ஆத்திரம் இருக்கிறவன்தான் திமிங்கில வேட்டைக்குச் சரியான ஆள் என்று! விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் ஊற்றிய காலம் அது, பீப்பாய் நிரம்பினால் காசு. பைத்தியம் லாபம் தரும்வரை அதற்கு வீரம் என்று பேர். கப்பலின் பங்குதாரர்களில் ஒருவரான பேலேகு, புதிதாக வேலைக்குச் சேர வந்த இஸ்மவேலிடம் (நமக்குக் கதை சொல்கிறவன் இவன்தான்), கொஞ்சம் மூர்க்கம்தான் தம்பி, போகப் போகச் சரியாகிவிடும், அவருக்கு மனைவி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது என்கிற மாதிரி சமாதானம் சொல்கிறார். ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே குரல்.

இப்போது 106-ஆவது அத்தியாயம். நிறைய பேர் கவனிக்காமல் தாண்டிவிடுகிற இடம் இது, நானும் முதலில் கவனிக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ராத்திரி ஆகாப் தரையில் குப்புற விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறான். திமிங்கில எலும்பில் செய்த அந்தப் பொய்க்கால் எப்படியோ பிசகி, முளைக்குச்சி மாதிரி தொடையிடுக்கில் குத்திக் கிட்டத்தட்ட உள்ளேயே இறங்கியிருக்கிறது. புண் ஆறுவதற்குள் படாத பாடு பட்டுவிட்டான். கப்பல் கிளம்பி நாள் கணக்கில் அவன் அறையை விட்டு வெளியே வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஏதோ மர்மம், ஏதோ மகத்தான துயரம் என்று மாலுமிகள் பயந்து பேசிக்கொண்டிருந்தார்களே, அதற்குப் பின்னால் இருந்தது வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில் ஒரு அடி. கரையில் இருந்த அவனுடைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அதை அமுக்கிவிட்டார்கள்.

எங்கள் சித்தப்பா ஒரு முறை பைக்கிலிருந்து விழுந்து மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் நொண்டினார். கேட்டால், செருப்பு சரியில்லை என்பார். சித்தியும் ஒன்றும் கேட்காமல் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு இந்த அத்தியாயத்தில் அந்தச் செருப்புதான் ஞாபகம் வந்தது.

காலை இழந்ததை ஆகாப் ஊருக்கே சொல்கிறான், அந்த எலும்புக் காலை டெக்கில் தட்டித் தட்டி நடக்கிறான், அது விழுப்புண். மற்ற காயத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எந்தக் காயத்தைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் இவனுடைய பைத்தியமும் ஆண் என்கிற கெத்தும் ஒட்டிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். விமர்சகர்கள் திமிங்கிலத்துக்குக் கடவுள், இயற்கை, விதி என்று ஆயிரம் அர்த்தம் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு அது ஒரு ஆள் வெட்கத்தை இறக்கி வைக்கக் கண்டுபிடித்த இடம்.

ஆகாபை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் ஸ்டார்பக், கப்பலில் அவனுக்கு அடுத்த அதிகாரி. ஆமாம், அந்தக் காபிக்கடைப் பேர் இவனிடமிருந்து வந்ததுதான். 16 டாலர் பெறுமான தங்கக் காசைப் பாய்மரத்தில் அடித்து வைத்து, மாலுமிகளுக்குச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்து, ஆகாப் கூட்டத்தை உசுப்பேற்றும்போது இவன் மட்டும்தான், உங்கள் பழிக்கு நான்டக்கெட் சந்தையில் எத்தனை பீப்பாய் கிடைக்கும் என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. ஆனால் கத்துகிற கூட்டத்தில் கத்தாமல் நிற்கிறவன் கோழை. பின்னால் ஒரு ராத்திரி கையில் துப்பாக்கியோடு, தூங்குகிற ஆகாபின் அறை வாசலில் நின்று, மனைவியையும் பையனையும் நினைத்துவிட்டு, சுடாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறான்.

அப்புறம் பிப். கறுப்பினச் சிறுவன். வேட்டைப் படகிலிருந்து குதித்தவனை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விட, கப்பல் தற்செயலாக வந்து தூக்குவதற்குள் அவன் புத்தி போய்விடுகிறது. இந்தப் பைத்தியத்துக்கு யாரும் மகத்தானது என்று பேர் வைக்கவில்லை. ஆகாப் மட்டும்தான் அவன் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போகிறான். 129-ஆவது அத்தியாயத்தில் அந்தப் பையன், உங்கள் போன காலுக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ளுங்கள், என்மேல் மிதித்து நடங்கள் என்கிறான். ஆகாபுக்கே தெரிகிறது, இவன் பக்கத்தில் இருந்தால் என் நோய் குணமாகிவிடும் என்று. அதை வாய்விட்டுச் சொல்கிறான்! சொல்லிவிட்டு, இந்த வேட்டைக்கு எனக்கு இந்த நோய்தான் ஆரோக்கியம் என்கிறான். பையன் அழப் பார்க்கிறான். அழுதால் கொன்றுவிடுவேன் என்கிறான் ஆகாப்.

இந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் போய் நின்றேன்.

மூன்று அத்தியாயம் தள்ளி இவனே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறான், கடலுக்குள். 18 வயதில் முதல் திமிங்கிலத்தைக் குத்தியவன், 40 வருஷத்தில் மூன்று வருஷம்கூடக் கரையில் இல்லை, 50 தாண்டிக் கல்யாணம், மறுநாளே கப்பல். எல்லாவற்றையும் ஸ்டார்பக்கிடம் கொட்டுகிறான். இத்தனைக்கும் அந்த மனைவியின் பேர் நாவலில் ஒரு இடத்தில்கூட இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஸ்டார்பக் கெஞ்சுகிறான், ஆகாப் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

இவனுக்கு நேர் எதிராக எனக்குத் தெரிகிறவர் கார்டினர், ராகேல் என்கிற கப்பலின் கேப்டன். அவருடைய 12 வயது மகன் இருந்த படகு அதே வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்திப் போய்க் காணாமல் போய்விட்டது. 48 மணி நேரத்துக்கு உங்கள் கப்பலைக் கொடுங்கள், வாடகை வேண்டுமானாலும் தருகிறேன், உங்களுக்கும் ஒரு பையன் இருக்கிறானே என்று அத்தனை மாலுமிகள் முன்னால் கெஞ்சுகிறார். அவருக்கு அதில் கூச்சமே இல்லை. ஆகாப், எனக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டான்.

கடைசியில் எல்லோரும் மூழ்கி, ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதக்கிற இஸ்மவேலைத் தூக்கிவிடுவது அந்த ராகேல்தான், இன்னமும் மகனைத் தேடி அதே கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. 1851 அக்டோபரில் லண்டனில் வந்த முதல் பதிப்பில் இது வருகிற பின்னுரையே விடுபட்டுப்போனது, எல்லோரும் செத்துவிட்டால் கதையைச் சொன்னது யார் என்று அங்கே விமர்சகர்கள் எரிச்சல்பட்டார்கள். அடுத்த மாதம் நியூயார்க் பதிப்பில் சேர்ந்தே வந்தது. அதனால் வாங்கும்போது கடைசிப் பக்கத்தை ஒரு தரம் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், சுருக்கப் பதிப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். மைக்கும் சூடாகிவிட்டது, வரட்டுமா.