ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரே ஒரு தாள்: கேம் மாஸ்டரின் முன்தயாரிப்பு

[திரையில்: மேசை மேல் ஒரு ஏ4 தாள், பென்சில், ஏழு பகடைகள்]

வணக்கம். பெங்களூரில் டேபிள்டாப் ரோல்ப்ளே கேம் ஆட விரும்பும் தமிழ் நண்பர்களிடம் பேசினால் ஒரே குறைதான் காதில் விழும். ஆட ஆள் கிடைக்கிறது, நடத்த ஆள் கிடைப்பதில்லை. "நீங்களே நடத்துங்களேன்" என்று கேட்டால், "அதுக்கு வாரக்கணக்கில் தயார் பண்ணணும், நமக்கு எங்கே நேரம்?" என்பார்கள். ஒரு சாயங்காலமும் ஒரு தாளும் போதும். அது எப்படி என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகை ஆட்டங்களுக்கு ஆரம்பம். ஒருவர் கேம் மாஸ்டர், அதாவது ஜி.எம். மற்ற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பாத்திரம். அவர்கள் என்ன செய்வது என்று சொல்வார்கள், உலகம் அதற்கு எப்படிப் பதில் தருகிறது என்று ஜி.எம். சொல்வார், சந்தேகமான இடத்தில் பகடை முடிவு செய்யும்.

[திரையில்: தாளின் தலைப்பில் "1902, தங்கச் சுரங்கம், ராத்திரி ஷிப்ட்" என்று எழுதும் கை]

உதாரணத்துக்கு ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். களம், நம் ஊரிலிருந்து ரயிலேறிப் போகிற தூரத்தில் உள்ள கோலார் தங்க வயல். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902-இல் முதலில் போய்ச் சேர்ந்தது அங்கேதான். பெங்களூர் நகரத்துக்கு 1905-இல்தான் வந்தது. மின்சாரம் வரப்போகிறது என்று ஊரே காத்திருக்கும் ஒரு ராத்திரி. சுரங்கத்திலிருந்து ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு மேலே வர வேண்டும். கூண்டு வருகிறது. உள்ளே ஒருவரும் இல்லை.

ஊரும் ஆண்டும் உண்மை. அந்த ராத்திரி நாம் கற்பனை செய்தது.

இந்த இடத்தில்தான் புது ஜி.எம்.கள் உட்கார்ந்து கதை எழுத ஆரம்பிப்பார்கள். "பிறகு இவர்கள் கீழே இறங்குவார்கள், பிறகு மேஸ்திரியைச் சந்திப்பார்கள், பிறகு உண்மை தெரியவரும்" என்று நாலு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் கீழே இறங்காமல் மேஸ்திரி வீட்டுப் பூட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். நாலு பக்கமும் வீண். அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. இப்போது நிலவரம் என்ன என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதைத்தான் எழுத வேண்டும்.

நிலவரம் என்றால் ஆட்களும் அவர்கள் ஆசைகளும். சுரங்கத்தில் மூடச் சொன்ன ஒரு மட்டத்துக்கு, அதாவது ஓர் ஆழத்தில் பக்கவாட்டில் வெட்டிய சுரங்கப் பாதைக்கு, ஆட்களை அனுப்பியவர் மேஸ்திரி. அது வெளியே தெரியக் கூடாது என்பது அவர் கவலை. வெள்ளைக்கார இன்ஜினியருக்கு மின்சாரம் வரும் நாளில் எந்தத் தகராறும் இருக்கக் கூடாது. தங்கக் கல்லைத் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுபோகும் ஒருவன் தன் மூட்டையை அதே மட்டத்தில்தான் ஒளித்துவைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். இந்த மூன்று ஆசைகளும் மனதில் இருந்தால் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களிடம் பதில் இருக்கும்.

தாளின் ஓரத்தில் பத்துப் பெயர்களும் வேண்டும். முனுசாமி, ரோசம்மா, கோவிந்தன், அந்தோணியம்மாள், இப்படி. "அந்த டீக்கடைக்காரர் பேர் என்ன?" என்று ஒருவர் கேட்டதும் நீங்கள் விழித்தீர்கள் என்றால், அந்த டீக்கடை அந்த நிமிடமே செத்துப்போகும். கோலார் வயல் குடும்பங்களில் புழங்கும் பெயர்களாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

[திரையில்: மூன்று துப்புகள், மூன்று அம்புகள், நடுவில் ஒரு வட்டம்]

இப்போது நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருவோம். துப்பு.

ஆட்கள் மூடிய மட்டத்தில் இருக்கிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தால்தான் ஆட்டம் நகரும். அதற்கு ஒரே ஒரு துப்பு வைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது முகப் பகடை, துப்பு கிடைக்கத் தேவையான எண் 15, விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்காக 5 கூட்டிக்கொள்ளலாம். அப்படியானால் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகம், 55 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அதே வாய்ப்புள்ள மூன்று துப்புகளைத் தனித்தனியாக வையுங்கள். மூன்றுமே தவறிப்போக 9 சதவீதம்தான் வாய்ப்பு. ஒன்றாவது கிடைக்க 91 சதவீதம். ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வேண்டும் என்று, இந்த ஆட்டங்களைப் பற்றி வலைப்பதிவு எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-இல் எழுதினார். துப்பறியும் ஆட்டம் நடத்தும் யாரும் இந்த விதியை விட்டுவிடவே கூடாது என்பேன்.

நம் மூன்று துப்புகள் என்னென்ன? ஒன்று, ஹாஜர் புத்தகத்தில் மட்ட எண்ணைச் சுரண்டி அழித்த இடம். இரண்டு, ஒரு தொழிலாளியின் மனைவி. அன்று கணவர் வழக்கத்தைவிட இரண்டு மெழுகுவர்த்தி அதிகமாகக் கேட்டு வாங்கிப் போனார் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கூண்டை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று கீழே இருந்து மணியடித்துச் சொல்வார்கள். கூண்டை இறக்கும் இன்ஜின் ஓட்டுநர் அந்த ராத்திரி கேட்ட மணிகளை எண்ணியிருக்கிறார். ஆனால் தானாகச் சொல்ல மாட்டார், யாராவது கேட்க வேண்டும்.

மேசையில் அது இப்படி வரும்:

"அண்ணே, கடைசியா கூண்டு இறங்கினப்போ எத்தனை மணி அடிச்சாங்க?"

"ஏம்பா அதைக் கேக்கிற? மேஸ்திரி யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"உள்ளே இருக்கிறது என் தம்பிண்ணே."

இதற்குப் பகடை கேட்காதீர்கள். சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார், தாராளமாகப் பதில் கொடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு துப்பாவது இப்படிப் பகடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

[திரையில்: ஆறு துண்டாகப் பிரித்த வட்டம், ஒவ்வொன்றாக நிறம் ஏறுகிறது]

அடுத்து கடிகாரம், அதாவது ஆபத்து எவ்வளவு நெருங்கிவிட்டது என்று காட்டும் வட்டம். ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரியுங்கள். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டம் இதைப் பரவலாக்கியது. அதில் நாலு, ஆறு, எட்டுத் துண்டு வட்டங்கள் உண்டு. நம் வட்டத்தின் பெயர், "கீழே பாறை தாங்காது." ஆட்டக்காரர்கள் நேரத்தை வீணாக்கினாலோ ஏதாவது சொதப்பினாலோ ஒரு துண்டை நிரப்புங்கள். இரண்டு நிறைந்ததும் பாறையைத் தாங்கும் மரக்கட்டைகள் முனகும் சத்தம் கேட்கும். நாலில் ஒரு வழி அடைபடும். ஆறில் மட்டமே இடிந்து விழும். கோலார் வயலில் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் நிஜமாகவே நடந்தவை, அதனால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. வட்டத்தை எல்லோரும் பார்க்கும்படி மேசை நடுவில் வையுங்கள். நிரப்பப் பேனாகூட வேண்டாம், வீட்டில் இருக்கும் புளியங்கொட்டையோ சோழியோ போதும். எதிராளிகளின் உயிர்ப்புள்ளி, அதாவது அவர்கள் இன்னும் எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று எண்ணவும் அதுவே ஆகும்.

வரைபடம். சுரங்கம் மேலிருந்து கீழே போகிற இடம். எனவே மேலிருந்து பார்ப்பதுபோல வரையாமல், பலாப்பழத்தைக் குறுக்கே வெட்டியதுபோலப் பக்கவாட்டில் வெட்டி வரையுங்கள். ஷாஃப்ட், அதாவது கூண்டு இறங்கும் செங்குத்துக் குழி, ஒரு கோடு, மட்டங்கள் அதிலிருந்து பிரியும் கிளைகள். சண்டைக்குக் கட்டம் போட்ட விரிப்பு வேண்டுமானால், அவென்யூ ரோட்டில் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி ஓர் அங்குலக் கட்டம் போடுங்கள். மேலே கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி எழுதி அழிக்கலாம். ஒரு கட்டம் ஐந்து அடி என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழக்கம்.

கம்ப்யூட்டர் கருவிகள் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டக்காரர்களில் ஒருவர் சென்னையிலோ கோவையிலோ இருந்தால் இணையத்தில் எல்லோரும் சேர்ந்து ஆட மேசையும் பகடையும் தரும் ரோல்20 அல்லது அவுல்பேர் ரோடியோ திறந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஓடும் நீண்ட ஆட்டத்துக்கு அதே வகையான ஃபவுண்டரி நல்லது, ஒரே தடவை பணம் கட்டினால் போதும். குறிப்புகளை ஒன்றோடு ஒன்று இணைத்து வைக்க அப்சிடியன். நேரில் உட்கார்ந்து ஆடும் ஒற்றை அமர்வுக்கு இவை எதுவும் தேவையில்லை.

ஒன்று மட்டும் தமிழில் ஆடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தை உரிய முறையில் குறிப்பிட்டால் அந்த விதிகளைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். நாமே ஒரு தமிழ்க் கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள், செய்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆங்கில ஷீட்டைப் பார்த்து மிரண்டு ஒதுங்குகிற அத்தை மகனும் அப்பாவும் நம் மேசைக்கு வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

[திரையில்: எக்ஸ் என்று எழுதிய சிறு அட்டை]

ஆட்டத்துக்கு முன் ஒரு பேச்சு அவசியம், இந்தக் களத்துக்கு இன்னும் அவசியம். பெங்களூர்த் தமிழர்களில் தாத்தா கோலார் வயலில் வேலை பார்த்தவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. விபத்திலும், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயிலும் ஆட்களை இழந்த குடும்பங்கள் அவை. "சுரங்கம் இடிவது ஆட்டத்தில் வரும், உங்களுக்குச் சரியா?" என்று முந்தின நாளே குரூப்பில் கேளுங்கள். மேசையில் ஒரு எக்ஸ் அட்டையும் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய முறை இது. யாராவது அதைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர், ஆட்டம் அல்சூரில். மூன்று மணி என்றால் நாலுக்குத்தான் எல்லோரும் சேர்வார்கள். அதனால் எந்தக் காட்சியை வெட்டினாலும் ஆட்டம் கெடாதோ அதன்மேல் முன்பே ஒரு நட்சத்திரக் குறி போட்டுவையுங்கள். நம் ஆட்டத்தில் அது இன்ஜினியரின் பங்களா விருந்து. காலியான கூண்டிலிருந்து நேரே ஆரம்பித்துவிடலாம்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போதே தாளைத் திருப்பி, ஆட்டக்காரர்கள் வாய்விட்டு யோசித்ததையெல்லாம் எழுதுங்கள். "அந்த இன்ஜின் ஓட்டுநரும் கடத்தலில் கூட்டோ?" என்று யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நீங்கள் யோசித்ததைவிட அது நன்றாக இருந்தால், அடுத்த அமர்வின் தாளில் முதல் வரியாக அதையே எழுதிக்கொள்ளுங்கள்.