ஊசிக்கு முன்னால் ஊர்

எல்லோருக்கும் வணக்கம்.

2021 ஜனவரியில் கனடாவில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த நாட்டின் வடமேற்கு மூலையில், அலாஸ்கா எல்லையை ஒட்டி, பீவர் க்ரீக் என்று ஒரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. மொத்தமே ஏறக்குறைய நூறு பேர்தான். அதில் பூர்வகுடிகள் பலர், முதியவர்களும் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் பனிச்சாலையில் மணிக்கணக்காகப் பயணம் செய்ய வேண்டும். அங்கே கொரோனா தொற்று நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்த அரசு, ஒரு நடமாடும் மருத்துவக் குழுவை அனுப்பிவைத்தது. கனடாவில் பெரும்பாலானோர் தடுப்பூசியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த முகாமுக்கு வான்கூவரிலிருந்து ஒரு வசதியான தம்பதி வந்து சேர்ந்தார்கள். கடைசிக் கட்டப் பயணத்துக்குத் தனி விமானம் அமர்த்தியிருந்தார்கள். உள்ளூர் மோட்டலில் வேலை பார்ப்பதாகச் சொல்லி ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்ட கையோடு விமான நிலையத்துக்கு வண்டி கிடைக்குமா என்று கேட்டதில்தான் குட்டு வெளிப்பட்டது. அப்புறம் வழக்கு, அபராதம். கணவர் தான் வகித்த பெரிய பதவியிலிருந்து விலகினார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதில் உறுத்தியது வேறு விஷயம். அவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லவில்லை, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லவில்லை. ஊரை மட்டும்தான் மாற்றிச் சொன்னார்கள். அது போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கு முதலில் ஊசி என்று கேட்டால் நாம் எல்லோரும் வயது, நோய், தொழில் என்று வரிசையாகச் சொல்வோம். உங்கள் ஊர் எது என்ற கேள்வியை யாரும் சேர்க்க மாட்டோம். நடைமுறையில் முதலில் கேட்கப்பட்டது அதுதான். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றி.

எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் யார் என்பதிலேயே ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் தேசிய ஆலோசனைக் குழு ஒரு வரிசையைச் சொன்னது. மருத்துவப் பணியாளர்களும் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களும் முதலில், பிறகு 75 வயதைக் கடந்தவர்களும் முன்களத் தொழிலாளர்களும், அதற்குப் பிறகு 65 வயதுக்காரர்களும் நோயுள்ள இளையவர்களும். இது வெறும் பரிந்துரைதான், முடிவு மாநிலங்களின் கையில். ஃப்ளோரிடா உடனே 65 வயதானவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நியூ ஜெர்சி 2021 ஜனவரி நடுவில் 65 வயதுக்குக் கீழே ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களைச் சேர்த்தது. அந்தக் காரணிகளில் புகைபிடிக்கும் பழக்கமும் ஒன்று. கனெக்டிகட் அடுத்த மாதமே நோய்ப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, இனி வயது மட்டும்தான் என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவும் வயதை நோக்கித் திரும்பப் பார்த்தது. மாற்றுத்திறனாளிகள் கடுமையாக எதிர்த்த பிறகு, தீவிரப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மார்ச் 15 முதல் வழி விட்டது.

ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே மாதம். சிறுநீரகம் பழுதான 35 வயதுக்காரர் ஒரு மாநிலத்தில் இருந்தால் பட்டியலில் இருக்கிறார், இன்னொன்றில் இல்லை.

வயதை மட்டும் பார்க்கும் முறையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பிறந்த தேதியைச் சரிபார்ப்பது சுலபம். மருத்துவரின் கடிதம் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம், வரிசை வேகமாக நகரும். கொரோனாவில் மரண அபாயத்தை அதிகம் கூட்டியது வயதுதான் என்பதும் உண்மை. ஆனால் மக்கள்தொகை முழுவதற்கும் பொருந்துகிற உண்மை ஒரு தனி ஆளை ஏமாற்றிவிடும். இங்கிலாந்தின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020 அக்டோபரில் வெளிவந்த ஓர் ஆய்வு, டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்கள் கொரோனாவில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று சொன்னது. அவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டாதவர்கள். வயது வரிசையில் அவர்களைத் தேடினால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிட்டனில் இந்த முரண் வெளிப்படையாக உடைந்தது. அங்கே ஒன்பது முன்னுரிமைப் பிரிவுகள். அறிவுசார் குறைபாடு தீவிரமாக உள்ளவர்கள் ஆறாவது பிரிவில் இருந்தார்கள், லேசாகவும் மிதமாகவும் இருப்பவர்கள் பட்டியலிலேயே இல்லை. சில பகுதிகளின் உள்ளூர் நிர்வாகங்கள் தாங்களாகவே அந்தக் கோட்டை அழித்துவிட்டு எல்லோருக்கும் போட ஆரம்பித்தன. பக்கத்துப் பகுதியில் அது கிடையாது. அந்தச் சமயத்தில் வானொலித் தொகுப்பாளர் ஜோ வைலி ஒன்றைப் பகிரங்கமாகச் சொன்னார்: அறிவுசார் குறைபாடும் நீரிழிவும் உள்ள தன் தங்கைக்கு அழைப்பு வருவதற்கு முன்பே தனக்கு வந்துவிட்டது என்று. தங்கைக்குத் தொற்றும் வந்துவிட்டது, நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். 2021 பிப்ரவரி 24 அன்று ஆலோசனைக் குழு தன் நிலையை மாற்றி, மருத்துவரின் அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் பெயர் உள்ள அனைவரையும் அழைக்கச் சொன்னது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்? அதைப் பிறகு சொல்கிறேன், மறக்க மாட்டேன்.

சரி, பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஊசி உடம்புக்குள் போக வேண்டுமே! இங்கேதான் புவியியல் தன் வேலையைக் காட்டுகிறது.

ஃபைசர் தடுப்பூசி முதலில் வந்தபோது அதை மைனஸ் 70 டிகிரி வாக்கில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தட்டில் 195 குப்பிகள், குப்பிக்கு ஐந்து டோஸ் என்று அப்போது கணக்கு. ஆக, குறைந்தபட்சம் அனுப்பும் அளவே 975 டோஸ். குப்பியில் உப்புநீரைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். இந்த மூன்று எண்களையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட மருந்து எங்கே போகும்? ஆழ்குளிர் பெட்டி இருக்கும் இடத்துக்கு, ஒரே நாளில் ஆயிரம் பேர் வந்து நிற்கக்கூடிய இடத்துக்கு. அதாவது பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு. மலையடிவாரத்தில் இருபது முதியவர்கள் இருக்கும் ஓர் இல்லத்துக்கு அது போகாது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பெட்டியின் அளவு முடிவு செய்தது.

அதே கணக்கை ஒரு மாநிலம் வேறு விதமாகப் போட்டது. பராமரிப்பு இல்லங்களுக்கு ஊசி போடும் பொறுப்பை அமெரிக்க அரசு இரண்டு பெரிய மருந்துக் கடைத் தொடர்களிடம் ஒப்படைத்திருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா மட்டும் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அங்கே பல இல்லங்கள் அந்தத் தொடர் கடைகளிலிருந்து வெகு தொலைவில், மலைப் பகுதிகளில் இருந்தன. ஆகவே உள்ளூர் மருந்துக் கடைக்காரர்களையே பிடித்தார்கள். இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து போகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. 2020 டிசம்பர் முடிவதற்குள் எல்லா முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் முதல் டோஸ் போய்விட்டது. வசதி குறைந்த மாநிலம் என்று பெயர் வாங்கியது, அந்தச் சில வாரங்களுக்கு நாட்டிலேயே முன்னால் நின்றது.

அடுத்த தடை பதிவு. ஃப்ளோரிடாவின் லீ கவுண்டியில் அந்த டிசம்பரில் முன்பதிவே இல்லை, முதலில் வருபவருக்கு முதலில் என்றார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் மடக்கு நாற்காலியும் போர்வையுமாக இரவு முழுக்க வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். நடக்க முடியாதவர் அந்த வரிசைக்கு வரவே முடியாது. இன்னொரு பக்கம், எல்லாமே இணையத்தில்தான் என்ற ஊர்கள். இந்தியாவில் 2021 மே 1 முதல் 18லிருந்து 44 வயதினருக்குத் திறந்தபோது முன்பதிவு முழுக்க கோவின் தளத்தின் வழியாகத்தான். நகரத்தில் ஸ்லாட் கிடைக்காத இளைஞர்கள் தொலைவிலுள்ள கிராமத்து மையங்களைப் பிடித்து, காரில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தக் கிராமத்துக்காரர் தன் ஊர் மையத்தில் வெளியூர்க்காரர்கள் நிற்பதை வேடிக்கை பார்த்தார். உச்ச நீதிமன்றமே அந்த மாத இறுதியில், இணைய வசதி இல்லாதவர்களின் கதி என்ன என்று அரசைக் கேட்டது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டருகே முகாம் என்ற வழிகாட்டுதல் மே கடைசியில்தான் வந்தது. படுக்கையிலிருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போடலாம் என்ற தேசிய அறிவிப்புக்கு செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடுப்பூசித் திட்டம் தொடங்கியது ஜனவரி 16 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம்.

லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே கதைதான், உடை மட்டும் வேறு. தொற்று அதிகமாகத் தாக்கிய கறுப்பின, லத்தீன் மக்களுக்கென்று தனி முன்பதிவுக் குறியீடு கொடுத்தார்கள். அது வசதியானவர்களின் கைப்பேசிகளுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. நேரமும் வண்டியும் கைப்பேசியும் உள்ளவர் ஊசி இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். அவை இல்லாதவர், ஊசி தன்னைத் தேடி வரும் வரைக்கும் காத்திருக்கிறார். பீவர் க்ரீக்குக்குப் போன தம்பதியைத் திட்டிய நம்மில் எத்தனை பேர் பக்கத்து ஊர் மையத்தில் ஸ்லாட் தேடினோம்? கையைத் தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.

நாடுகளுக்கு இடையிலான தூரம் இதைவிடப் பெரிது, ஆனால் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி 18 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வசதியான 49 நாடுகளில் 3.9 கோடி டோஸ் போட்டாகிவிட்டது. மிகவும் ஏழ்மையான நாடுகளில் ஒன்றே ஒன்றில் 25 டோஸ். 25 லட்சமோ 25 ஆயிரமோ இல்லை, வெறும் இருபத்தைந்து. ஒரு நாட்டின் ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரர் இன்னொரு நாட்டின் எண்பது வயதுச் செவிலியருக்கு முன்னால் நின்றார் என்று சொல்லலாம் (எண்பது வயதில் செவிலியர் வேலை பார்ப்பாரா என்று கேட்காதீர்கள், மேடைப் பேச்சுதானே). ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்ய உருவான சர்வதேசத் திட்டம் கோவாக்ஸ். அதன் முதல் சரக்கு கானாவில் இறங்கியது பிப்ரவரி 24. 6 லட்சம் டோஸ். அடுத்த மாதமே இந்தியாவில் இரண்டாம் அலை எழ, அங்கிருந்து போக வேண்டிய ஏற்றுமதி நின்றது. 2021க்குள் 200 கோடி டோஸ் என்ற இலக்கில் பாதியைக்கூட கோவாக்ஸ் எட்டவில்லை.

தாமதமாக வந்ததும் ஒழுங்காக வரவில்லை. மலாவிக்கு ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக வந்த ஒரு தொகுதியில் காலாவதிக்கு மூன்று வாரம்கூட மிச்சமில்லை. அதற்குள் கிராமங்களுக்குக் கொண்டுபோய், மக்களை வரவழைத்துப் போட்டு முடிப்பது எப்படி? பெரும்பகுதியைப் போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த சுமார் 20,000 டோஸை மே மாதம் எல்லோரும் பார்க்கக் கொளுத்தினார்கள். காலாவதியானது புழக்கத்தில் இல்லை என்று மக்களுக்குக் காட்டுவதற்காக.

ஊசி நிறைய இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஹாங்காங்கைப் பார்க்க வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்தே அங்கே இரண்டு வகைத் தடுப்பூசி தாராளமாகக் கிடைத்தது, தூரமும் இல்லை, பணமும் இல்லாமல் இல்லை. இளையவர்கள் போட்டுக்கொண்டார்கள். தொற்றே பெரிதாக இல்லாத ஊரில் எதற்கு அவசரம் என்று முதியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் தள்ளிப்போட்டார்கள். நாள்பட்ட நோயாளிகளுக்குக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் கொரோனாவின் ஓமிக்ரான் திரிபு வேகமாகப் பரவியது. இரண்டு மூன்று மாதங்களில் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள் மிக அதிகம். நகரத்தின் சராசரி எண்ணிக்கை அதுவரை நன்றாகத்தான் தெரிந்தது.

பூடான் இதற்கு நேரெதிர். முதல் தொகுதி 2021 ஜனவரியிலேயே வந்துவிட்டது, ஆனால் தொடங்கவில்லை. தகுதியான எல்லோருக்கும் போதுமான அளவு சேரும்வரை பொறுத்திருந்து, மார்ச் 27 அன்று நாடு முழுக்க ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். சாலை இல்லாத இடங்களுக்கு ஹெலிகாப்டரிலும் நடந்தும் போனார்கள். இரண்டு வாரச் சொச்சத்தில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் டோஸ் முடிந்தது. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள், அதனால் முடிந்தது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தலைநகரத்தில் ஆரம்பித்துவிட்டு மலைக்கு அப்புறம் போகலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை, அது மக்கள்தொகையால் வந்த முடிவில்லை.

இப்போது பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு வருகிறேன். எந்த நாட்டு அறிக்கையை எடுத்தாலும் சதவீதம் இருக்கும். சதவீதத்துக்குக் கீழே ஓர் எண் வேண்டும், மொத்தம் எத்தனை பேர் என்று. எண்பது வயதுக்கு மேல் எத்தனை பேர் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் எத்தனை பேர்? நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள்? அடையாள அட்டை இல்லாமல் தெருவில் தூங்குபவர்கள்? பெரும்பாலான இடங்களில் அந்த எண்ணே கிடையாது. எண் இல்லாததால் விடுபட்டவர் என்றும் யாரும் இல்லை. திட்டம் நூறு சதவீதத்தை நெருங்கியதாக அறிக்கை வரும்போது அவர்கள் அந்த நூறுக்குள்ளேயே இல்லை.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை என்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. வெஸ்ட் வர்ஜீனியாவின் மருந்துக் கடைக்காரரிடம் அந்தப் பட்டியல் இருந்தது. வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் எந்த ஊரிலும் அதை மனப்பாடமாக வைத்திருப்பார்: எந்தத் தெருவில், எந்த வீட்டில், மாடியிலா கீழேயா, கதவைத் திறக்க ஆள் உண்டா என்பது வரை. அவரிடம் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்ததில்லை. தொற்று வந்த பிறகு கேட்க நேரம் இருக்காது. தொற்று இல்லாத, இப்படிக் கூடி உட்கார்ந்து பேச முடிகிற ஒரு மாலையில்தான் அதைக் கேட்க முடியும்.

இந்த அரங்கில் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்கள் சிலர் இருப்பதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். கேள்வி நேரத்தில் நீங்கள் என்னைக் கேட்பதற்கு முன்னால் நான் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பொறுப்பில் உள்ள பகுதியில் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள் எத்தனை பேர்? மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.