ஒரு ஓமர் மன்னா

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஞாயிறுதோறும் சேர்ந்து ஜெபிக்கிறோம். அதில் வரும் 'இன்று' என்ற சொல்லை நம்மில் பலர் வாயளவில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நம் மனம் உள்ளூரக் கேட்பதோ, இனி ஒருநாளும் யாரிடமும் கேட்க வேண்டியிராத ஒரு நிலையை. இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. மாதக் கடைசியில் மளிகைக்கடை நோட்டைப் புரட்டிப் பார்த்த எவருக்கும் அந்த ஏக்கம் புரியும்.

எகிப்தைவிட்டுப் புறப்பட்டு ஒன்றரை மாதம் ஆவதற்குள், சீன் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தார்கள். செங்கல் அறுத்த கைகளின் வலி மறந்துபோயிற்று. இறைச்சிச் சட்டி மட்டும் நினைவில் நின்றது. வேளை தவறாமல் சோறு கிடைக்குமானால் அடிமைத்தனமும் பாதுகாப்பாகத் தோன்றிவிடும் என்பதை யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது.

அவர்களுக்குத்தான் கொத்துமல்லி விதையளவில், வெண்மையாய், மன்னா என்னும் வானத்து ஆகாரம் விழுந்தது. வெயில் ஏறினால் அது உருகிப்போகும் என்பதால், காலையிலேயே எழுந்து, தலைக்கு ஒரு ஓமர் என்னும் அளவு வீதம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். 'நாளைக்கு விழாவிட்டால்?' என்று அஞ்சிச் சிலர் எடுத்து வைத்தது, விடிவதற்குள் புழுப் பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்து, ஓய்வுநாளுக்கென்று கட்டளைப்படி வைத்தபோது, அதே மன்னா நாறவுமில்லை, புழுப் பிடிக்கவுமில்லை. ஆகவே பிள்ளைகளின் படிப்புக்காக வங்கியில் பணம் போடுவதும், சீட்டுக் கட்டுவதும் அவிசுவாசம் என்று போதிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. எடுத்து வைத்ததில் அல்ல, எடுத்து வைக்கச் செய்த அச்சத்தில்தான் புழு இருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஒரு வாடகை வீட்டில் அநாதைச் சிறுமியருக்கு இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லர், தேவையை எந்த மனிதரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதுமில்லை என்று தீர்மானித்தவர். 1870க்குள் அந்த இல்லம் ஐந்து பெரிய கட்டடங்களாக, ஏறத்தாழ 2,000 பிள்ளைகளுக்கு இடமளிக்கும் அளவுக்கு வளர்ந்தது. அவரைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, வந்த ஒவ்வொரு காசுக்கும் அவர் கணக்கு எழுதி, ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டதைத்தான். (பதினாறு வயதில், விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் சிறைக்குப் போனவர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) தேவனிடம் கேட்பதும் கணக்கு எழுதுவதும் அந்த ஒரே மேசையில் நடந்தன.

நம் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்ற வழக்கம் உண்டு. உலை கொதித்ததும், களைவதற்கு முன், என் தாயார் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையிலிருந்த கலயத்தில் போடுவார்கள். ஒருநாள் அரிசிப் பானையின் அடி தெரிந்தது. அன்றும் அவர்கள் கை கலயத்தின் பக்கம் போனதைப் பார்த்து, "நாளைக்கு என்னம்மா செய்வ?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு உலையில போட இருந்துச்சுல்லா" என்றார்கள். பிடி மட்டும் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது.