ஜகார்த்தா கேமரா போகாத ஊர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இந்தோனேசியாவின் இணையக் காணொளிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2011-இல் அந்த நாட்டையே கலக்கிய ஒரு காணொளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் நமக்கும் கொஞ்சம் உறவு உண்டு. சுலவேசித் தீவின் வடக்கே கொரொந்தாலோ என்ற ஊர். நோர்மன் கமாரு என்ற இளம் போலீஸ்காரர் காவல் கூடத்தில் சீருடையோடு உட்கார்ந்து, ஓர் இந்திப் பாட்டுக்கு வாயசைக்கிறார். ‘உயிரே’ படத்தில் நாம் கேட்ட ‘தையா தையா’வேதான், ரஹ்மான் மெட்டு. பக்கத்தில் இருக்கும் சக காவலர் கண்டுகொள்ளவே இல்லை. சிரிப்பே அதில்தான். தொலைக்காட்சிகள் அவரை ஜகார்த்தாவுக்கு அழைத்துப் போய்க் கொண்டாடின. அந்த ஆண்டு முடிவதற்குள் போலீஸ் வேலை போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து தலைநகரில் கஞ்சிக்கடை நடத்தினார்.

பதினேழாயிரம் தீவுகள் கொண்ட நாடு அது. ஆனால் தொலைக்காட்சி என்றால் ஜகார்த்தாதான்: ஜகார்த்தா வீடு, ஜகார்த்தா கார், ஜகார்த்தா பேச்சு. ஜாவா மொழி பேசுவோர் கோடிக்கணக்கில் இருந்தும், தொடர்களில் அந்த மொழி பெரும்பாலும் வேலைக்காரம்மா வாயில்தான் வரும். அந்த நாட்டில் இணையக் காணொளி இவ்வளவு வேர்விட்டதற்கு மலிவு போனை மட்டும் காரணம் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஜகார்த்தா ஒதுக்கிய ஊர்ப்புற மேடை தனக்கு ஒரு வழி தேடிக்கொண்டே இருந்தது.

முதலில் கிடைத்தது விசிடி. கிழக்கு ஜாவாவில் கல்யாணம், சுன்னத்து என்று எந்த வீட்டு விசேஷமானாலும் டங்டுட் என்ற ஜனரஞ்சக ஆட்டப்பாட்டுக் கச்சேரி உண்டு. நம் திருவிழாக்களில் கரகம் ஆடுபவருக்கு நோட்டுக் குத்துகிற மாதிரி, அங்கேயும் ரசிகர்கள் மேடையேறிப் பாடகி கையில் பணம் கொடுப்பார்கள். சாவெரான் என்று பெயர். இந்தக் கச்சேரிகளைப் படம்பிடித்து, திருட்டு நகல் போட்டுத் தெருக்கடையில் விற்றார்கள். பசுருவான் ஊரின் இனுல் டாரத்திஸ்தா அப்படித்தான் ஊர் ஊராய்ப் பரவினார். 2003-இல் தேசியத் தொலைக்காட்சி அவரைக் கூப்பிட்டபோது நாடு ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தது. டங்டுட் அரசர் ரோமா இராமா அவருடைய இடுப்பாட்டத்தைக் கண்டித்தார். விசிடி இன்னும் விற்றது.

அதே பாதையில் பிற்பாடு யூடியூப் வந்தது. சோலோ நகரத்துப் பாடகர் டிடி கெம்போட், ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் காதலியைத் தொலைத்தவனின் பாட்டுகளை ஜாவா மொழியில் பல பத்தாண்டுகள் பாடியவர். 2019-இல் அவர் கச்சேரியில் இளவட்டங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே பாடும் காணொளிகள் பரவ, ஐம்பதைத் தாண்டிய மனிதர் திடீரென்று இளைஞர்களின் தலைவரானார். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனார்.

இனி என் மனசுக்குப் பிடித்த ‘திலிக்’. அரைமணி நேரக் குறும்படம். ஜோக்ஜகார்த்தாக்காரர்கள் 2018-இல் எடுத்து, 2020 ஆகஸ்ட் 17 அன்று, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்தில், யூடியூபில் ஏற்றினார்கள். கதை என்ன? ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஊர்த் தலைவியைப் பார்க்கப் பெண்கள் கூட்டமாக லாரியில் ஏறிப் போகிறார்கள். அவ்வளவுதான். வழி நெடுக, தியான் என்ற கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி பு தெஜோ அம்மாள் வாய் ஓயாமல் வம்பளக்கிறார். ஆதாரமும் உண்டு, கையில் இருக்கும் போனில் பேஸ்புக் படம்! கூட வரும் யு நிங் என்ற பெண் மட்டும் மறுத்துப் பேசுகிறார். லாரியில் ஆள் ஏற்றக் கூடாதென்று போலீஸ்காரர் மறிக்க, அதுவரை சண்டை போட்ட அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட முழுப்படமும் ஜாவா மொழி. சில வாரங்களிலேயே பார்வைகள் கோடியைத் தாண்டின. கிராமத்துப் பெண்களை வம்புக்காரிகளாகக் காட்டிவிட்டது, முடிவில் வம்பே ஜெயிக்கிறது என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. எனக்கும் அந்த முடிவு உவப்பில்லை. ஆனாலும் லாரியின் பின்பக்கத்தை அவ்வளவு நேரம் காட்ட எந்தச் சானலும் சம்மதித்திருக்காது.

சரி, சாவெரான் எங்கே போனது? அதுவும் போனுக்குள் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் லொம்போக் தீவில் வயதான பெண்கள் சேற்றுக் குட்டையில் மணிக்கணக்காக உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். டிக்டாக் நேரலையில் பார்ப்பவர்கள் பரிசு அனுப்ப, அது காசாக மாறியது. இணையப் பிச்சை என்று நாடே கொதித்தது. சமூக நல அமைச்சர் திரி ரிஸ்மஹாரினி, முதியவர்களை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சொல்லி மாகாணங்களுக்குச் சுற்றறிக்கை விட்டார்.

மேடையில் பாடகி பாட்டுக்காக வாங்கினார். இங்கே குளிர்தான் பாட்டு. பாட்டிகளைக் கரையேறச் சொன்னது நியாயம். ஆனால் ஒவ்வொரு பரிசிலும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும் செயலியிடம்தான் முதலில் கணக்குக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக எழுந்து கேளுங்கள், நேரம் இருக்கிறது.